ஜப்தி என்னும் வினை

சென்ற ஆண்டு மழைக்காலத்து மாலையொன்றில், மறைமலை நகரில் நான் குடியிருக்கும் தெருவைச் சேர்ந்த ஒருவர் கையில் ஒரு தாளுடன் என் வீட்டு வாயிலில் வந்து நின்றார். தொழிற்பேட்டையில் பணிபுரிபவர். இரண்டு பிள்ளைகள். அதுவரை அவருக்கும் எனக்கும் இருந்த பழக்கம் வணக்கத்தோடு சரி. "நீங்க தமிழ் புரொபசர்தானே சார், இதுல ஒரு வார்த்தை மட்டும் புரியல" என்று தாளை நீட்டினார். நீதிமன்றத்திலிருந்து வந்த அறிவிப்பு. எல்லாம் தமிழில்தான் இருந்தது. அவர் விரல் வைத்த சொல் 'பற்றுகை'.

"ஜப்திங்க" என்றேன்.

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தூய தமிழ்ச் சொல்லால் விளங்காதது, அரபும் பாரசீகமும் கலந்து வந்த ஒரு சொல்லால் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. சற்றுப் பொறுத்து அவர் இரண்டாவது கேள்வியைக் கேட்டார்: "எதையெல்லாம் எடுப்பாங்க சார்?"

முதல் கேள்விக்கு உடனே விடை சொன்ன எனக்கு இரண்டாவது கேள்விக்கு விடை தெரியவில்லை. இருபதாண்டுக் காலம் சொற்பொருள் கற்பித்தவன் நான். சொல்லுக்கு மறுசொல் தருவதே பொருள் சொல்வதாகும் என்று எண்ணியிருந்தேன் போலும். அன்றிரவு தொடங்கிய தேடலின் விளைவே இக்கட்டுரை. மாணவச் செல்வங்களும் ஆசிரியப் பெருமக்களும் சமுதாயப் பெரியோரும் இதனைப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

இந்தச் சொல்லை நான் முதன்முதலில் கேட்டது எட்டோ ஒன்பதோ வயதில். என் அத்தா தையற்காரர். ஒரு தையற்பொறி, ஒரு பெட்டி, ஒரு கத்தரிக்கோல், வாசலில் ஒரு பந்தல்; அதுவே கடை. நண்பர் ஒருவர் வாங்கிய கடனுக்கு அத்தா ஜாமீன் நின்றார். நண்பர் ஊரைவிட்டுப் போனார். தீர்ப்பு அத்தாவின் பெயருக்கும் வந்தது. ஒருநாள் காலையில் நன்னி, "இன்னைக்கு அமீனா வராராம்" என்று சொல்லி அழுதார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் பெரியம்மாவின் பெயர் ஆமினா; அவர் வந்தால் பலகாரம் வருமேயன்றி அழுகை வராது. மாறாக வந்தவர் காக்கி உறையிட்ட கோப்புடன் ஒரு நடுவயது மனிதர். உள்ளே வராமல் பந்தலிலேயே நின்றார். "வேற ஏதும் இல்லையா பாய்?" என்று அவர் இருமுறை கேட்டது நினைவிருக்கிறது. அத்தா தாமே தையற்பொறியைத் தூக்கி வந்து அவர்முன் வைத்தார். மானமுள்ளவர் செய்யும் செயல் அதுவென்று அவர் நம்பினார். அதன்பின் ஓராண்டுக் காலம் வேறொருவர் கடையில் கூலிக்குத் தைத்தார்.

'அமீன்' என்ற அரபுச் சொல்லுக்கு நம்பிக்கைக்குரியவர் என்று பொருள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை மக்கத்து மக்கள் அழைத்த பெயர் அது. அச்சொல் நம் ஊர்த் தெருக்களில் நீதிமன்றப் பணியாளரைக் குறிக்கும் பெயராகி, வீட்டார் அஞ்சும் பெயராகவும் ஆகிவிட்டது. ஜப்தியின் கதையும் இத்தகையதே. ஆனால் அதில் மொழியியலார் மகிழத்தக்க ஒரு நுட்பம் இருக்கிறது.

ஜப்தி என்பதன் மூலம் அரபியில் 'ளாத்' என்னும் எழுத்தில் தொடங்குகிறது. அவ்வெழுத்தின் ஒலி அரபியருக்கே தனிச்சிறப்பானது. தம் மொழியை 'ளாத்தின் மொழி' என்றே அவர்கள் பெருமையுடன் கூறுவர். எட்டாம் நூற்றாண்டில் அரபு இலக்கணம் வகுத்த சீபவைஹி, இவ்வொலி நாவின் ஓரத்திலிருந்து கடைவாய்ப் பற்களை ஒட்டிப் பிறப்பதாக விளக்குகிறார். நம் தொல்காப்பியர் பிறப்பியலில் லகர ளகரங்களுக்கு நாவின் விளிம்பைக் கூறுவது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. கடல்வழி வந்த அரபு வணிகரிடமிருந்து காயல்பட்டினமும் கீழக்கரையும் நேரே கேட்ட ஒலி இதுவாக இருத்தல் வேண்டும். ஆதலால்தான் நாம் ரமலான் என்கிறோம். தொழுகைக்குமுன் ஒளு செய்கிறோம். கட்டாயக் கடமையைப் பர்ளு என்கிறோம். மூன்றிலும் ளாத் எழுத்து லகரமாகவோ ளகரமாகவோ நிற்கிறது. சிலர் ழகரமிட்டும் எழுதுவர்.

பாரசீகர் நாவில் அதே எழுத்து வேறாக ஒலித்தது. அவர்கள் வழியாக உருதுவுக்கும், அங்கிருந்து நவாபுகளின் கச்சேரிகளுக்கும், பின்னர்க் கும்பினியாரின் நீதிமன்றங்களுக்கும் வந்து சேர்ந்த சொற்களில் அது ஜகரமாகிவிட்டது. ரம்ஜான் என்பது இவ்வழி வந்த வடிவம். இனி நீதிமன்றச் சொற்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள்: ஜப்தி, ஜாமீன், ஆஜர், ராஜி, அர்ஜி. ஐந்திலும் இருக்கும் ஜகரம் ஒரே ளாத்தின் மாற்றுருவே. ஜில்லா என்பதும் அவ்வாறே; விலா எலும்பு, பக்கம் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நபித்தோழரின் பெயருக்குப்பின் 'ரலியல்லாஹு அன்ஹு' என்று வேண்டும்போதும், வழக்கில் இருவர் ராஜியாகப் போகும்போதும் நாம் ஒரே வேர்ச்சொல்லைத்தான் உச்சரிக்கிறோம் என்பதை எத்துணைப் பேர் அறிவோம்? பள்ளிவாசலுக்குள் கடல்வழி வந்த ஒலி. கச்சேரிக்குள் தரைவழி வந்த ஒலி. ஒரே சொல் நம்மிடம் இருவேறு வாயிலால் நுழைந்திருக்கிறது.

மதரசாக்களில் இன்றும் ஜப்தியின் மூலச்சொல் 'ளப்து' என்றே ஓதப்படுகிறது. ஆனால் அங்கே அதன் பொருள் வேறு. நபிமொழியை அறிவிப்பவரிடம் நேர்மையும் ளப்தும் இருத்தல் வேண்டும் என்பர் நபிமொழிக் கலையறிஞர். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் இறுகப் பற்றி வைத்திருக்கும் ஆற்றலே அங்கு ளப்து. உருதுக் கவிஞர்க்கோ அது கண்ணீரையும் சினத்தையும் அடக்கிக்கொள்ளும் பொறுமை. அக்பர் ஆட்சியில் தோடர்மால் நிலத்தை அளந்து தீர்வை விதித்த முறைக்கும் ஜப்த் என்றே பெயர். இறுகப் பிடித்தல், அளவோடு வைத்தல், அடக்குதல் என்னும் இப்பொருள்களில் அளவும் அடக்கமும் கழிந்துபோய், பிடித்தல் ஒன்றே தமிழ்நாட்டுத் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

ஆங்கிலேயர் இச்சொல்லைத் தம் சட்டத்தின் இரண்டு வினைகளுக்கு ஈடாகக் கொண்டனர். ஒன்று 'அட்டாச்', மற்றொன்று அதனினும் பழைய 'டிஸ்டிரெய்ன்'. பின்னதன் வேர் இலத்தீனில் இறுக்கி இழுத்தலைக் குறிக்கும். வாடகையோ வரியோ தராதவனின் மாட்டையும் பண்டத்தையும் பிடித்து வைத்து அவனை வழிக்குக் கொண்டுவருவது இடைக்கால இங்கிலாந்தின் வழக்கம். அவ்வினையின் உடன்பிறப்பான 'டிஸ்டிரஸ்' என்பது துன்பத்துக்கும் பெயராயிற்று. இவ்வாறு பிடிக்கும் அதிகாரம் ஒரு பிரபுவுக்கு எந்த எல்லை வரை செல்லுமோ அந்த நிலப்பரப்பு 'டிஸ்டிரிக்ட்' எனப்பட்டது. ஆங்கிலத்தில் மாவட்டம் என்பதே, வேரளவில், ஜப்தி செல்லுபடியாகும் எல்லைதான். செங்கல்பட்டு 2019இல் தனி மாவட்டமானபோது இனிப்பு வழங்கிய நமக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்நாட்டில் இவ்வினைக்கு மிக முன்னரே கடிவாளம் இட்டார்கள் என்பதே குறிப்பிடத்தக்கது. 1267ஆம் ஆண்டு மார்ல்பரோ சட்டம், பழிதீர்க்கும் எண்ணத்தோடு தானே சென்று பிடிப்பதையும், தன் எல்லைக்கு அப்பால் பிடிப்பதையும், அரசனின் நெடுஞ்சாலையில் பிடிப்பதையும், அளவுக்கு மிஞ்சிப் பிடிப்பதையும் தடுத்தது. ஏர்மாட்டுக்கு விலக்கு அளிக்கும் விதியும் அந்த நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. வாடகைக்காகப் பண்டம் பிடிக்கும் அந்தப் பழைய உரிமை 2014இல் இங்கிலாந்தில் அறவே நீக்கப்பட்டு, அதனிடத்தில் வேறு ஏற்பாடு வந்தது.

நம் நாட்டில் அவ்வினை வந்திறங்கிய சூழல் கொடியது. நிலவரி வசூலுக்காக உழவர்களை வதைத்த கொடுமைகளை ஆராயச் சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்ட ஆணையம் 1855இல் அறிக்கை தந்தது. அந்த ஆங்கில அறிக்கைக்குள் தமிழ்ச் சொற்கள் சில அப்படியே இடம்பெற்றுள்ளன: விரல்களை நசுக்கும் 'கிட்டி', கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனிய வைக்கும் 'அண்ணாந்தாள்'. இந்த ஆண்டிலேயே வில்சன் என்னும் அறிஞர் இந்திய நீதி, வருவாய்த் துறைச் சொற்களின் பேரகராதியை இலண்டனில் வெளியிட்டார். ஒரே ஆண்டில் ஒரு நூல் சொற்களைத் தொகுத்தது. மற்றொன்று அச்சொற்களின்கீழ் நசுங்கிய விரல்களைத் தொகுத்தது. 1864இல் வந்த வருவாய் வசூல் சட்டம் பண்டத்தையும் நிலத்தையும் பிடித்து விற்கும் முறைகளை விரித்தெழுதியது. அச்சட்டம் இன்றும் தமிழ்நாட்டின் பெயரோடு நடைமுறையில் இருக்கிறது. உடலைப் பிடிப்பதை விடுத்து உடைமையைப் பிடிப்பது அன்றைய நிலையில் ஒரு முன்னேற்றமே என்று சொல்ல வேண்டியிருப்பது நம் வரலாற்றின் அவலம்.

சட்டத்தைத் தமிழில் சொல்ல வேண்டுமென்று அக்காலத்திலேயே கவலைப்பட்டவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. நீதிமன்றத் தீர்ப்புகளைத் திரட்டிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்று தமிழில் தந்தார். அந்நூல் வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1976இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தால் கீழமை நீதிமன்றங்களின் மொழியாகத் தமிழ் ஏற்றம் பெற்றது. சட்டச்சொல் அகராதிகளும் வந்தன. ஜாமீன் பிணையாயிற்று, வாரண்டு பிடியாணையாயிற்று, ஜப்தி பற்றுகையாயிற்று.

நான் வாழும் ஊரின் பெயரே இங்கு என்னைத் தடுத்து நிறுத்துகிறது. வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்டு, 1916இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட அடிகளாரின் பெயர் தாங்கிய நகரம் இது. இங்கிருந்துகொண்டு ஜப்திக்கு வக்காலத்து வாங்குகிறேனோ என்று சிலர் ஐயுறலாம். (வக்காலத்தும் அரபுதான், அடிகளார் பொறுப்பாராக.) பற்றுகை என்பது மிக நல்ல ஆக்கம் என்றே கருதுகிறேன். பற்று என்னும் சொல் பிடித்தலையும் குறிக்கும். நெஞ்சின் பிணைப்பையும் குறிக்கும். கணக்கேட்டில் பற்று வரவும் ஆகும். 'அட்டாச்' என்னும் ஆங்கிலச் சொல்லிலும் கட்டுதலும் அன்பின் பிணைப்பும் ஒருங்கே உள்ளன. எவற்றின்மீது நமக்குப் பற்றோ அவற்றின்மீதே பற்றுகை வருகிறது என்று எண்ணும்போது அச்சொல்லை ஆக்கியோர் புலமைக்குத் தலைவணங்கத் தோன்றுகிறது.

ஆயினும் சொல்லை மாற்றியவர்கள் பணி முடிந்ததென்று எழுந்துவிட்டார்கள் என்பதே என் குறை. ஜப்தி என்றால் நடுங்கத் தெரிந்த மக்களுக்குப் பற்றுகை என்றால் நடுங்கவும் தெரியவில்லை. இரண்டு சொற்களில் எதன் எல்லையும் தெரியவில்லை. வினைச்சொல்லுக்கு எழுவாயும் செயப்படுபொருளும் உண்டென்று முதலாண்டு மாணவர்க்குக் கற்பிக்கிறோம். இந்த வினைக்கு எது செயப்படுபொருளாகும், எது ஆகாது என்பதை ஒருவரும் கற்பித்ததில்லை.

அது ஒன்றும் மறைபொருள் அன்று. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு அதனைத் தெளிவாக வகுத்துரைக்கிறது. கடனாளியும் மனைவி மக்களும் உடுக்கத் தேவையான துணிகள், சமையற் பாத்திரங்கள், கட்டில், படுக்கை ஆகியவற்றைத் தொடலாகாது. சமய வழக்கப்படி ஒரு பெண் தன் உடலினின்று நீக்கலாகாத அணிகளைத் தொடலாகாது. இது தாலியை எண்ணி எழுதப்பட்டது போலும். நம் வீட்டுப் பெண்டிரின் கருகமணிக்கும் பொருந்துமா என்பதை வழக்குரைஞர்கள்தாம் சொல்ல வேண்டும். உழவர் எனில் பிழைப்புக்குத் தேவையான ஏர்க்கருவிகள், மாடு, விதைநெல் ஆகியவற்றைத் தொடலாகாது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கும், ஜீவனாம்சத் தீர்ப்பு நீங்கலாக, விலக்குப் பெறும்.

கைத்தொழிலாளரின் கருவிகளையும் தொடலாகாது.

இவ்வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பந்தலில் அத்தா தூக்கிவந்து வைத்த பொறி கண்முன் நின்றது.

62ஆம் பிரிவு வீட்டின் மானத்தைக் காக்கிறது. சூரியன் மறைந்தபின்னும் உதிக்குமுன்னும் வீட்டுக்குள் நுழையலாகாது. வீட்டார் வழிமறித்தாலன்றி வெளிக்கதவை உடைக்கலாகாது. வழக்கப்படி பிறர்முன் வராத பெண் அறையில் இருந்தால், அவர் விலகிச் செல்ல முன்னரே அறிவித்துத் தக்க அவகாசமும் வசதியும் தந்த பின்னரே அவ்வறைக்குள் செல்லலாம். நிலத்தையும் வீட்டையும் பற்றுகை செய்யும்போது பறையறைந்தோ வழக்கமான பிற முறையிலோ அறிவிக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 21ஆம் கட்டளை கூறுகிறது. அரசுச் செய்திகளுக்குத் தண்டோரா போடுவதைக் கைவிடுமாறு 2022இல் தமிழ்நாட்டு அரசு அறிவுறுத்தியது. ஒருவரின் வீழ்ச்சியை ஊரறிய முழக்க இன்னொரு ஏழையின் கையில் பறையைக் கொடுத்த வழக்கம் ஒழிவதில் எனக்கு வருத்தமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாளிதழ்களில் "அரசுப் பேருந்து ஜப்தி" என்ற தலைப்பை அடிக்கடி காண்கிறோம். விபத்தில் கணவனை இழந்த பெண்ணுக்குத் தீர்ப்பளிக்கப்பட்ட இழப்பீட்டைப் போக்குவரத்துக் கழகம் தராதபோது நீதிமன்றம் பேருந்தையே பிடித்து நிறுத்துகிறது. நிலம் கையகப்படுத்தியதற்கு இழப்பீடு தராத அலுவலகத்தின் நாற்காலிகளும் ஜீப்பும் இவ்வாறு வெளியே வந்ததுண்டு. ஆதலின் இவ்வினையை வெறும் கொடுமையென்று ஒதுக்கிவிட இயலாது. ஏழைக்குக் கிடைத்த தீர்ப்புக்கும் இதுவன்றிப் பல்லில்லை. மறுபுறம், 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அடகு வைத்த சொத்தை வங்கிகள் 60 நாள் அறிவிப்புத் தந்தபின் நீதிமன்ற வழக்கின்றியே தம் வசப்படுத்த வழிசெய்துள்ளது. சட்டம் அதனை ஜப்தி என்று சொல்வதில்லை. சுவரில் அறிவிப்பு ஒட்டப்பட்ட வீட்டைக் காணும் மக்கள் அவ்வாறுதான் சொல்கிறார்கள்.

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. நீதிமன்ற அறிவிப்பில் பற்றுகை என்று அச்சிடட்டும். அருகில் ஜப்தி என்றும் அச்சிடட்டும். ஒன்று புலமைக்கு, மற்றொன்று செவிக்கு. அதைவிட இன்றியமையாதது, அத்தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. 60ஆம் பிரிவின் பட்டியலை அங்கே எளிய தமிழில் அச்சிட ஒரு பிடி மை போதும். நம் கல்லூரித் தமிழ்த்துறை அலுவல்சார் தமிழைக் கற்பிக்கையில் விடுப்பு விண்ணப்பத்தோடு நின்றுவிடாமல் இத்தகைய அறிவிப்பு ஒன்றையும் வகுப்பில் படிக்க வைக்கலாம். சமுதாயப் பெரியோர் தத்தம் ஜமாஅத்தில், வெள்ளி மாலை ஒரு மணி நேரம், எந்தச் சமயத்தவர் எந்தத் தாளைக் கொண்டுவந்தாலும் படித்துப் பொருள் சொல்ல இரண்டு மாணவரை உட்கார வைக்கலாம். நம் வீடுகளில் ஜாமீன் நிற்பது நட்பின் கடமையாகவே கருதப்படுகிறது. கையெழுத்திடுமுன் அத்தாளை யாரேனும் ஒருவர் உரக்கப் படித்துக் காட்டினால் பாதி வழக்குகள் எழமாட்டா என்பது என் துணிபு.

என் தெருக்காரரின் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டில் வழக்குரைஞராக உள்ள என் பழைய மாணவரிடம் அவரை அனுப்பினேன். தவணை கேட்டு மனுச் செய்திருக்கிறார்கள். வழக்கு நடக்கிறது. இப்போது அவர் வணக்கத்தோடு நிற்பதில்லை, நலம் விசாரிக்கிறார்.

அத்தாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. பெருநாளுக்கு ஊருக்குச் சென்றிருந்தபோது 60ஆம் பிரிவைத் தமிழில் எழுதி எடுத்துச் சென்று படித்துக் காட்டினேன். கைத்தொழிலாளரின் கருவிகள் என்ற வரி வந்ததும் மறுமுறை படிக்கச் சொன்னார். படித்தேன். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "அதுக்குத்தான் அந்த மனுசன் ரெண்டு தடவ கேட்டாரா, வேற ஏதும் இல்லையான்னு" என்றார்.